முப்பத்தொரு கேள்விகளும் உலகம்மாளும்

ஜனவரி 20, திங்கள்

சங்கரன்கோவில் வந்து சேர்ந்தாயிற்று. மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில், இரண்டு பேருந்து. இடுப்பு கழன்றுவிட்டது.

பேராசிரியர் தடிமனான ஒரு நோட்டைக் கொடுத்து, "களக் குறிப்புகளை இதில் எழுதுங்கள் மங்கையர்க்கரசி" என்று சொல்லியிருக்கிறார். இது அந்த நோட்டு இல்லை. பேருந்து நிலையக் கடையில் நானே வாங்கியது. அதில் எழுத முடியாதவை இதில்.

வேலை இதுதான். மக்களுக்குச் செய்தி எந்த வழியில் வந்து சேர்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். இந்த ஊரில் இருநூற்று நாற்பது வீடு, வீட்டுக்கு முப்பத்தொரு கேள்வி, ஐந்து வாரம். செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, வாட்ஸ்அப், யூடியூப், முகநூல் என்று கட்டம் கட்டமாகப் படிவம். கடைசியில் 'இதர' என்று ஒரு சின்னக் கட்டம். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை டிசம்பரோடு போய்விட்டது. இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் மூன்று வருடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொன்னார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "முப்பத்து மூணு வயசுல ஊர் ஊரா போயி பேப்பர் படிக்கிறியான்னு கேக்கறதுக்கா உன்ன எம்.ஃபில் படிக்க வச்சேன்?" என்றாள்.

மாடியறை கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் செல்லக்கனி அக்கா. கீழே இரண்டு தையல் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறார். மிஷின் ஓடும்போதே போனும் பார்க்கிறார். ஊசி ஒருநாளும் விரலில் இறங்கவில்லையாம்.

ஜனவரி 22, புதன்

முதல் நாள் ஒன்பது வீடு. தெருவுக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கிறது. கேள்வியைக் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது.

பூ வியாபாரி ஒருவரிடம் மூன்றாம் கேள்வி கேட்டேன். "நேற்று நீங்கள் தெரிந்துகொண்ட முக்கியமான செய்தி எது?"

"பிச்சி விலை ஏறிப் போச்சு."

"அது இல்லீங்க, செய்தி."

"நாளைக்கு முகூர்த்தம். பிச்சி விலை செய்தி இல்லன்னா வேற எதும்மா செய்தி?"

கட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அரசியல், விளையாட்டு, திரைப்படம், உலகம், வானிலை. பிச்சிக்கு இடமில்லை. 'வானிலை'யில் டிக் அடித்துவிட்டு வந்தேன். பனி விழுந்தால் பூ குறையும், விலை ஏறும். தப்பில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பதினொரு வீடு. கால் வலி. பன்னிரண்டாவது வீட்டில் நாய்.

ஜனவரி 27, திங்கள்

பதினான்காம் கேள்வி: "ஒரு செய்தி உண்மையா என்று சந்தேகம் வந்தால் எதைப் பார்த்து உறுதி செய்வீர்கள்?"

இன்று பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீடு ஒரே பதில். "உலகம்மாட்ட கேப்போம்."

முதலில் ஏதோ ஊர் அம்மன் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. உலகம்மாள் இட்லி மாவு விற்கிறவர். மதியம் மூன்று மணிக்கு ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், ஆறு தெரு சுற்றி இருட்டுவதற்குள் வீடு திரும்புவார். எந்தப் பைப்பில் என்றைக்குத் தண்ணீர் வரும், ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது, டிவியில் சொன்ன புயல் இங்கே வருமா வராதா, எல்லாம் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

"டிவியில சொன்னா பத்தாதா?" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"டிவிக்காரன் நாளைக்கு எங்க வீட்டுக்கு மாவு ஊத்த வருவானா? இவ வரணும்லா. பொய் சொன்னா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியாதுல்லா."

எல்லாவற்றையும் 'இதர' கட்டத்தில் எழுதினேன். ஒரு விரல் அகலக் கட்டம். 'உலகம்மாள்' என்று எழுதினால் 'ள்' வெளியே போய்விடுகிறது.

ஜனவரி 28, செவ்வாய்

அறுபத்தோராவது வீடு, உள்ளூர் கேபிள் டிவியில் ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவருடையது. பெயர் கோமதிநாயகம். முப்பத்தெட்டு வயது என்று படிவத்தில் உள்ளது. முன்னறையே ஸ்டுடியோ. கேமரா, விளக்கு, படத்தொகுப்பு, செய்தி சேகரிப்பு எல்லாம் அவரே. மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்துவிட்டு இப்போது தனியாக இருக்கிறார். இது படிவத்தில் இல்லை. அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ போனில் சொன்னதை நம்பி ஒருவருடைய மரண அறிவிப்பை வாசித்துவிட்டாராம். மறுநாள் காலையில் அந்த மனிதர் சட்டை போடாமல் வாசலில் வந்து நின்று, "நான் செத்துட்டேனாடே? எனக்கு யாரும் சொல்லலியே" என்று கேட்டாராம். அன்றிலிருந்து எந்தச் செய்தியானாலும் ஆளை நேரில் பார்க்காமல் வாசிப்பதில்லை.

அவர் கொடுத்த டீயில் சர்க்கரை அதிகம். 'ழ' சரியாக வரவில்லை. 'மளை பெய்யும்' என்கிறார்.

ஜனவரி 29, புதன்

பத்து வீடு. மாலை செல்லக்கனி அக்காவோடு உட்கார்ந்து ஏழு மணிச் செய்தி பார்த்தேன். ஆய்வுக்காக.

ஜனவரி 31, வெள்ளி

ஏழு மணிச் செய்தி பார்த்தேன். ஆய்வுக்காக. நீலச் சட்டை.

பிப்ரவரி 3, திங்கள்

நூற்றுப் பத்து வீடு முடிந்திருந்தது. இன்று ஒன்றுகூட நடக்கவில்லை. முதல் வீட்டில் ஜன்னல் வழியாக, "ஆம்பளையாளு இல்ல, போங்க" என்றார்கள். உள்ளே ஆண் இருமுவது கேட்டது. இரண்டாவது வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் பாதிக் கோலத்தோடு எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டாள். போன வாரம் எனக்கு முறுக்கு கொடுத்த வீட்டில், அதே அம்மா கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தார்.

வெயில் காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெயில் இல்லை.

காலை பத்தரை மணிக்குத் தெரு நடுவில் பதினைந்து இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பையைப் பிடித்து இழுத்தார். படிவங்கள் மண்ணில் சிதறின. "யாரு அனுப்புனா உன்ன? கூட வந்தவனுக எங்க?" ஒரு பெண் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதில் நான். பச்சைப் பை, குடை, யாரோ வீட்டு வாசலில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே:

'அவசரம்! நம்ம ஊரில் பச்சைப் பையுடன் ஒரு பெண் வீடு வீடாக வந்து, எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்காருகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறாள். பின்னாலேயே திருட்டுக் கும்பல் வரும். உங்கள் சொந்தங்களுக்கு உடனே பகிரவும்.'

படித்ததும் எனக்கே திக்கென்றது. ஆறாம் கேள்வி, வீட்டில் எத்தனை பேர். ஒன்பதாம் கேள்வி, எந்த நேரத்தில் சேர்ந்து தொலைக்காட்சி பார்ப்பீர்கள். திருடனே உட்கார்ந்து படிவம் தயாரித்தாலும் வேறு எப்படிக் கேட்பான்?

பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சுரலாம்" என்றார் ஒருவர். அழவில்லை.  "எல்லாரும் கூடவே வாங்க, ஸ்டேஷனுக்கே போவோம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். ஊர்வலம் போலப் பின்னால் வந்தார்கள். ஸ்டேஷனில் கடிதத்தைப் பார்த்து, பேராசிரியரிடம் போனில் பேசி, "சரியான ஆள்தான், கலைஞ்சு போங்க" என்றார்கள். வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. படிவங்களைப் பொறுக்கிக் கொடுத்தவர்களும் அவர்களில்தான் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செல்லக்கனி அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போயிற்று. மிஷினை நிறுத்தினார். போனை எடுத்துப் பார்த்தார்.

"எம்மா... இது நான்லா அனுப்புனேன். மூணு குரூப்புக்கு."

"அக்கா, அதுல இருக்கறது என் படம்!"

"படத்த யாரு பாத்தா? அவசரம்னு போட்டிருந்துச்சு, தைச்சுக்கிட்டே தட்டி விட்டுட்டேன்."

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பேராசிரியர் கூப்பிட்டார். "திரும்பி வந்துவிடுங்கள். வேறு ஊர், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்." வேறு ஆள் என்ற சொல் காதில் நின்றது. ஒரு வாரம் கேட்டேன். கொடுத்தார்.

பிப்ரவரி 5, புதன்

காலையிலேயே கோமதிநாயகம் வந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பல்கலைக்கழக எண்ணை என்னிடம் வாங்காமல் தானே தேடி எடுத்துப் பேசினார். நான் எந்தக் கல்லூரியில் வேலை செய்தேன், எப்போது நின்றேன், ஏன் என்று வரிசையாகக் கேட்டார்.

"என்ன சந்தேகப்படறீங்களா?" என்றேன்.

"தப்பா எடுத்துக்கிடாதிய. நாளைக்கு யாராவது எங்கிட்ட வந்து, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா, பாவமா இருந்துச்சு அதான் வாசிச்சேன்னு சொல்ல முடியாதுல்லா."

முதலில் கோபம் வந்தது. அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். நேற்று இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் இப்படிக் கேட்டிருந்தால் போதும்.

ஏழு மணிக்கு வாசித்தார். தெளிவாக, அழகாக, இரண்டு முறை. 'தமிளகப் பல்கலைக்களகம்' என்றார். பொறுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

செய்தித்தாளிலும் வந்துவிட்டது. ஏழாம் பக்கம், ஐந்து வரி. 'ஆய்வாளர் மங்கையர்க்கரசன் மீது பரவிய தகவல் தவறானது. அவர் ஆய்வுக்காகவே வந்துள்ளார்.' ஆக, மங்கையர்க்கரசன் தப்பித்துவிட்டார்.

செல்லக்கனி அக்கா அதே மூன்று குழுக்களுக்கும் 'அது பொய், அந்தப் பிள்ளை எங்க மாடியில்தான் குடியிருக்கு' என்று எழுதி அனுப்பினார். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ போட்டார். அத்துடன் முடிந்தது. பொய்யை அனுப்பியபோது ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றியது.

கேபிள் செய்தி? டீக்கடையில் கேட்டேன். "ஏழு மணிக்கு எந்த ஏரியா கரண்டு கட்டுன்னு சொல்லுவாம்லா, அதப் பாத்துட்டு சீரியலுக்கு மாத்திருவோம்." நான் வந்தது கரண்டுக்கு அப்புறம்.

எட்டு வீடு போனேன். எட்டும் பூட்டு.

உலகம்மாளிடம் போகலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெயர் எனக்குப் படிவங்கள் வழியாகத்தான் தெரியும். யார் என்ன சொன்னார் என்பதை வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாலை முழுக்க இதே யோசனை. கடைசியில் செல்லக்கனி அக்காவிடம், "நம்ம வீட்டுக்கு மாவு யாருகிட்ட வாங்கறோம்?" என்று கேட்டேன். "உலகம்மாட்ட. ஏன், புளிச்சிருக்கா?" என்றார். இந்தத் தகவல் படிவத்தில் இல்லாதது. போகலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்குப் போனேன். இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. உலகம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மாவு. என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. கிரைண்டரை நிறுத்தவில்லை.

"நீதானா பச்சப் பை?"

"ஆமாங்க."

"உக்காரு. நீ எத்தன கேள்வி கேப்ப?"

"முப்பத்தொண்ணு."

"நான் அதுக்கு மேல கேப்பேன்."

கேட்டார். அப்பா என்ன செய்தார், எப்போது தவறினார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நிச்சயமானது நின்றுபோனதா, அவன் ஏன் நிறுத்தினான், அவனுக்கு இப்போது எத்தனை பிள்ளை, இந்த வேலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், எங்கள் பதிலை வைத்து என்ன செய்வீர்கள். பேராசிரியர்கூட இவ்வளவு கேட்டு என்னை வேலைக்கு எடுக்கவில்லை. ஒன்றுக்கும் பொய் சொல்லவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்கே பதில் தெரியவில்லை. "ஒரு புஸ்தகம் போடுவாங்க, அத ரொம்பப் பேர் படிக்க மாட்டாங்க" என்றேன். அப்போதுதான் முதல் தடவை சிரித்தார்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. கிரைண்டரை நிறுத்தினார். தறிச் சத்தம்கூட அந்தத் தெருவில் இல்லை. சட்டென்று அமைதி.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் தாயி. ஞாயித்துக்கெழமையே கதவத் தொறக்காதீகன்னு ஆறு தெருவுக்கும் சொன்னது நாந்தான். செல்லக்கனி அனுப்பியிருந்தா. அவ ஊருக்கு ஒரு கெடுதல் செய்ய மாட்டா. அவ வீட்டு மாடியிலயே ஒரு பிள்ள இருக்கான்னு எனக்குத் தெரியும், அது நீன்னு தெரியாமப் போச்சு. அவசரத்துல நான் விசாரிக்கல."

 வாட்ஸ்அப்பால் ஊர் என்னை நம்பாமல் போகவில்லை. உலகம்மாள் சொன்னதால்தான் கதவுகள் மூடிக்கொண்டன.

"நான் மாவு புளிச்சுப் போச்சுன்னா மாத்திக் குடுத்திருக்கேன். பேச்ச மாத்துனது இல்ல. இருபத்திரெண்டு வருசமா, நேத்து சொன்னது தப்புன்னு ஒரு வீட்டுலயும் போயி நின்னதில்ல." கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போயி நின்னா, நாளைக்கு எஞ்சொல்ல எவளாவது மதிப்பாளா?"

"தெரியலங்க" என்றேன். அதுதான் உண்மை.

உலகம்மாள் கையிலிருந்த மாவை வழித்துக் கிரைண்டரில் போட்டார். பிறகு எழுந்து கை கழுவினார். "மூணு மணிக்கு வா. அந்தப் பச்சப் பையையும் எடுத்துட்டு வா. எந்தப் பையக் காட்டி பயங்காட்டுனேனோ அதக் காட்டித்தான் சொல்லணும்."

மூன்று மணிக்குக் கிளம்பினோம். இரு பக்கமும் வாளி, நடுவில் அவர், பின்னால் மடியில் பையோடு நான். முதல் வீட்டில் ஹாரன் அடித்தார். பாத்திரத்தோடு வந்த பெண் என்னைப் பார்த்துப் பின்வாங்கினாள்.

உலகம்மாள் வாளியின் மூடியைத் திறக்கவில்லை. "ராசாத்தி, ஞாயித்துக்கெழமை இந்தப் பிள்ளையப் பத்தி நான் சொன்னது தப்பு. நான் விசாரிக்காம சொல்லிட்டேன். இவ காலேசு டீச்சர். செல்லக்கனி வீட்டு மாடியில இருக்கா. வீட்டுக்கு வந்தா உக்கார வச்சுப் பேசு." அதன் பிறகுதான் மூடியைத் திறந்து மாவு ஊற்றினார்.

ஒவ்வொரு வீட்டிலும் அப்படியே. வார்த்தைகூட மாறவில்லை. 'விசாரிக்காம சொல்லிட்டேன்' என்பதை ஒரு வீட்டில்கூட முழுங்கவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்போ போன மாசம் என் நாத்தனாரப் பத்திச் சொன்னியே, அதும் தப்புதானா?" என்று கேட்டாள். உலகம்மாளின் கழுத்து நரம்பு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் புடைத்துத் தெரிந்தது.

"அது சரி. அத நான் நேர்ல பாத்தேன். இத பாக்கல. அதான் வந்து சொல்லுதேன்."

அந்தப் பெண் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பாத்திரத்தை நீட்டினாள். "எப்பவும் ஊத்துறதோட ஒரு கரண்டி கூட ஊத்து" என்றாள்.

ஐந்தாவது தெருவுக்குப் போனபோது நாங்கள் வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. வாசலில் நின்று, "தப்பு சொல்ல வாரீங்களாமே, வாங்க வாங்க" என்று சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்துவிட்டார். ஆறாவது தெருவில் ஒரு வீட்டில் இருவருக்கும் காபி. நான் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தேன். அங்கேயே, மாவு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தொரு கேள்வியும் கேட்டேன்.

நூற்றுப் பதினொன்று.

பிப்ரவரி 8, சனி

பதினேழு வீடு!

பிப்ரவரி 11, செவ்வாய்

இப்போது வேறு தொல்லை. நான் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இன்று மட்டும் நான்கு மனுக்கள். முதியோர் உதவித்தொகை ஒன்று, சாக்கடை அடைப்பு இரண்டு, நான்காவது அடுத்த வீட்டு முருங்கை மரம் தன் பக்கம் சாய்வதைப் பற்றி. "நான் ஆபீசர் இல்லீங்க" என்றால், "எங்களுக்குத் தெரியும்மா, வெளிய சொல்லமாட்டோம்" என்று கண்ணடிக்கிறார்கள்.

மூன்று மனுவை உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முருங்கைக்கு நானே போய்ப் பேசினேன். காயில் பாதி தருவதாக ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் ஐந்து காய்.

சாப்பாட்டுச் செலவே இல்லை. மூன்று கிலோ ஏறியிருப்பேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நூற்று எண்பத்தாறு. மாலை ஐந்து மணிக்கு ஸ்டுடியோவுக்குப் போய்ச் செய்தித்தாளை, அதாவது வாசிக்கப்போகும் தாளை, ஒருமுறை பார்த்துக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழைகளுக்காக. அவராகக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். தமிழ் படித்தவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 'வாழைப்பழம்' என்று பத்து முறை சொல்ல வைத்தேன். ஏழாவது முறை சரியாக வந்தது. இருவரும் கைதட்டினோம்.

கரண்டுச் செய்தியைக் கடைசியில் வைக்கச் சொன்னேன். அப்படி வைத்ததில் இப்போது செய்தி முழுவதையும் பார்க்கிறார்களாம். முன்னேற்றம்.

இது ஆய்வோடு தொடர்பில்லாதது என்பதால் இந்த நோட்டில்.

பிப்ரவரி 15, சனி

டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது?

பிப்ரவரி 17, திங்கள்

மாவு வாங்கக் கீழே இறங்கினேன். உலகம்மாள் ஊற்றிக்கொண்டே, "கல்யாணம் இங்கயா, மாயவரத்துலயா?" என்றார்.

"யாருக்கு?"

"யாருக்காம்! ஆறு தெருவும் பேசுது."

"உலகம்மாக்கா, இது சுத்தப் பொய். நான் ஸ்பெல்லிங் பாக்கத்தான் போறேன்."

"தெனமுமா?"

"தினமும் செய்தி வருதுல்ல!"

"சரி சரி" என்று வாளியை மூடினார். "ஆனா ஒண்ணு. இத நான் விசாரிச்சுட்டேன். நேர்லயும் பாத்துட்டேன். இந்தத் தடவ பேச்ச மாத்தச் சொல்லி என்கிட்ட வந்துராத."

மாடியேறி வந்தால் போன் அடிக்கிறது. அம்மா.

"ஏண்டி, ஊரான் வீட்டு வாட்ஸ்அப்புலதான் எனக்குத் தெரியணுமா?"

செல்லக்கனி அக்கா ஸ்டுடியோ வாசலில் நாங்கள் டீ குடிப்பதைப் படமெடுத்து, அவசரத்துக்கென்று நான் கொடுத்திருந்த எண்ணில் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். "இந்தத் தடவ படத்த நல்லாப் பாத்துட்டுத்தாம்மா அனுப்புனேன்" என்கிறார் பெருமையாக.

"அம்மா, அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஆளு சிரிக்கறது நல்லாருக்கு" என்றாள் அம்மா. "நீயும்தான். உன்ன அப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு."



பிப்ரவரி 19, புதன்

இருநூற்று முப்பத்தொன்று. ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. மூன்று நாளாகப் போகவில்லை. வேலை அதிகம்.

நேற்றைய செய்தியில் 'கிளமை' என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதியம் இரண்டு மணிக்கு இருநூற்று நாற்பதாவது படிவம் முடிந்தது. பேராசிரியருக்குப் போன் செய்தேன். 'இதர' கட்டத்தில் இருநூற்று நாற்பதில் நூற்று முப்பத்தெட்டு நிரம்பியிருக்கிறது என்றேன்.  "அப்படியென்றால் படிவம்தான் தப்பு" என்றார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் தனியாக ஆறு மாதம் இங்கேயே இருந்து எழுத முடியுமா என்று கேட்டார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். போனை வைத்ததும் யோசித்து முடித்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டு "சரி" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான்கு மணிக்குக் கோமதிநாயகம் வந்தார். மாடிப்படியின் கீழேயே நின்றார். செல்லக்கனி அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு பேச்சு சுத்துது" என்றார். "உங்களுக்குச் சங்கடமா இருக்கும். நீங்க நாலு நாளா வராததுல எனக்கு வெளங்கிட்டு. இன்னைக்கு ஏழு மணிக்கு ஒரு மறுப்பு வாசிச்சுருதேன். எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒரு தடவ பாத்துக் குடுத்தியன்னா..."

தாளை நீட்டினார்.  படித்தேன்.

'நமது நிலையத்தின் செய்தி வாசிப்பாளரையும் ஆய்வாளர் மங்கையர்க்கரசி அவர்களையும் இணைத்துப் பரவிவரும் தகவல் உண்மைக்குப் புறம்பானது என்று தெரிவித்துக்கொள்கிறோம்.'

பெயரில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. இந்த ஊரில் என் பெயரைச் சரியாக எழுதிய முதல் ஆள்.

"எழுத்துப் பிழை இல்ல" என்றேன்.

"அப்போ வாசிச்சுரலாமா?"

"கருத்துப் பிழை இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார். "எந்த எடத்துல?"

"'உண்மைக்குப் புறம்பானது'ங்கற இடத்துல."

மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காது முதலில் சிவந்தது, பிறகு முகம் முழுக்க. ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. தினமும் ஏழு மணிக்கு ஊருக்கே பேசுகிற மனிதர்.

"மறுப்பு வேண்டாம்" என்றேன்.

கீழே செல்லக்கனி அக்காவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது.

பிப்ரவரி 22, சனி

காலையிலேயே நான்கு வீட்டிலிருந்து பிச்சிப்பூ வந்துவிட்டது. பந்து பந்தாக. யாரிடமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உலகம்மாள் சாதாரண மாவோடு, கேட்காமலேயே, ஆப்பத்துக்குத் தனியாக ஒரு தூக்கு அரைத்துக் கொண்டுவந்து வைத்தார். அம்மாவும் மாமாவும் நாளை காலை ரயிலில் வருகிறார்கள். அம்மாவுக்கு ஆப்பம் பிடிக்கும் என்று இவரிடம் நான் எப்போது சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழு மணிச் செய்தி பார்த்தேன். குடிநீர்க் குழாய் பழுது, காணாமல் போன எருமை கிடைத்தது, நாளை மழை வாய்ப்பு, கடைசியில் கரண்டு. 'மழை' என்றே சொன்னார். சொல்லிவிட்டு, வாசிப்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும், கேமராவைப் பார்த்து ஒரு நொடி கூடுதலாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் இந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்காக இல்லை.